எருமை டொக்டரின் இடுப்புக் குழாய்கள்

எருமை டொக்டரை நான் ஒருநாள் தற்கொலைக் குண்டுதாரி என்று நம்பினேன். எருமைக்கு அடுத்தபடி உலகத்திலேயே சாதுவான பிராணி அவர்தான்!

யுத்த காலம். மாத்தளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் நான் புதுக் கிளார்க். எருமைகளின் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, எண்ணுவது அவர் உத்தியோகம். உயிர்க்கலத்துக்குள் நூல்துண்டாகக் கிடப்பவற்றில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் பார்த்து, "கல்யாண வீட்டு பல்ப் மாதிரி எரியுது!" என்று தனியாகக் கைதட்டுவார்.

நாவுல எருமைப் பட்டியில் மூன்று நாளாகத் தங்கியிருந்தவரைக் கூட்டிவர அன்று என்னை அனுப்பினார்கள்; அங்கே பஸ் ஏறினோம். மனிதர் தூண்போல உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள்ளே துணி சுற்றி, வரிசையாய்க் குழாய்கள்.

"ஐயா, இடுப்புல என்னங்க?"

"பேசாதீங்க தம்பி. குலுங்கினா போச்சு. ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேரணும்."

அலுவிகாரை செக்பொயின்டில் எல்லோரும் இறங்கினோம். நான் முதல் ஆளாக இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு, "இவரை எனக்குத் தெரியாது!" என்று மூன்று மொழியிலும் அலறினேன். அதுவரை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

துப்பாக்கிகள் திரும்பின. டொக்டர் நிதானமாகப் பொத்தானைக் கழற்றி, ஆய்வுகூட அட்டையையும் காட்டி, எருமை ரத்தம் என்று சிங்களத்தில் சொன்னார். ரத்தக் கலம் பெருக உடம்புச் சூடு வேண்டுமாம். கரண்ட் அடிக்கடி போவதால் சூட்டுப்பெட்டியை நம்பாமல் மூன்று நாளாக வயிற்றில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தே தூங்குகிறாராம். ரெண்டு மணிக்கு மருந்து சேர்க்காவிட்டால் எல்லாம் பாழாம்.

சிப்பாய் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "நீங்க போங்க, டொக்டர் மாத்தயா." பிறகு என் பையைத் துழாவினான். அதே ஆய்வுகூடத்தின் அட்டை!

"ஒரே ஆபீஸ். தெரியாதுங்கிறான். இவன் இருக்கட்டும், எங்க பெரியவர் வந்து பார்ப்பார்."

பஸ் ஹோர்ன் அடித்தது. "நீங்க போங்க ஐயா, ரத்தம் கெட்டுரும்" என்றேன் வீரமாக, அவர் சட்டை நுனியை இறுகப் பிடித்தபடி.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என் பக்கத்து மணல் மூட்டையில் உட்கார்ந்தார். "எருமை எங்கயும் ஓடாது தம்பி. உங்களைத்தான் நம்ப முடியல."

பெரியவர் வரும்போது மணி நாலரை. ரத்தம் முழுக்க வீண்.

மறுநாள் மறுபடி நாவுலக்குப் போய், அதே எருமைகளிடம் ரத்தம் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதல் ரத்தம் எங்கே என்று ஆபீசில் கேட்டபோது, "என் கை தவறி உடைஞ்சிருச்சுங்க" என்றார்.