பொறுப்பு பரவலாக்கப்பட்டது

ஓய்வூதிய அலுவலகத்தின் கண்காணிப்பாளர் எந்தத் தாளையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர். அப்பேர்ப்பட்டவர், மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கிரிப்டோவில் போட்டார் என்றால் அதற்குக் காரணம் மாப்பிள்ளை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் அதிகம் கேள்வி கேட்க முடியாது.

"பாதிப் பணம் கம்பெனிகிட்ட இருக்கும் மாமா. ஆபீஸ் உண்டு, முதலாளி உண்டு. மீதிப் பாதி ஒரு புரோகிராம்ல. அதுக்கு முதலாளியே கிடையாது, மனுஷன் கை படாத பணம்."

"ரெண்டையும் எதுக்கு மாப்பிள்ளை கலக்கணும்?"

"கம்பெனி கவுத்தா புரோகிராம் காப்பாத்தும். புரோகிராம் கவுந்தா கம்பெனி காப்பாத்தும்."

"வட்டியை யார் குடுக்கறா?"

"நம்ம காசை ஒருத்தர் கடன் வாங்குவார். அதை அடமானம் வெச்சு இன்னொருத்தர் வாங்குவார். அவர் கொண்டுவந்து மறுபடி நம்ம கம்பெனியிலயே போடுவார்."

"அப்போ நடுவுல யாரும் எந்த வேலையும் செய்யறதில்ல?"

"இல்ல மாமா. ஆனா வருமானம் மட்டும் வந்துடும்."

வாழ்நாள் முழுக்க அரசுப் பணியில் இருந்தவருக்கு இந்தத் தத்துவம் சட்டென்று பிடிபட்டது.

போனில் தொகை நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. டாக்டர் சொன்ன தேதியும் வந்தது.

"இப்ப எடுத்தா நஷ்டம்மா. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், ரெண்டு காலையும் சேர்த்தே பண்ணிடலாம்."

சுவரைப் பிடித்தபடி நின்ற மனைவி கேட்டாள்: "அந்த நம்பரை ஊணிக்கிட்டு நடக்க முடியுமாங்க?"

ஒருநாள் காலை பார்த்தால் தொகை பத்திரமாக இருந்தது; பணம் எடுக்கும் பொத்தானைத்தான் காணோம். மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார். வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து, சிரித்த முகமாகவே விளக்கினாள்.

"உங்க பணம் புரோகிராம்ல இருக்கு சார். அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"பாதிதானேம்மா அங்க?"

"மீதிப் பாதியையும் பாதுகாப்புக்காக அங்கதான் போட்டோம்."

"புரோகிராம் எங்க போட்டுச்சு?"

"எங்ககிட்டதான் சார்."

"அப்ப எங்கதான்மா இருக்கு?"

"வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கு சார்."

"யாரைப் பார்த்துப் புகார் குடுக்கறது?"

"அப்படி யாரும் இல்ல சார். இங்க பொறுப்பு பரவலாக்கப்பட்டிருக்கு."

அவருக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, கொதித்தது மெல்ல அடங்கி ஒருவிதப் பக்தியாக மாறியது. 'நாளைக்கு வாங்க', 'அது என் செக்‌ஷன் இல்ல', 'ஆபீசர் மீட்டிங்ல இருக்கார்' என்று எத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்! இந்தச் சின்னப் பெண் ஒரே வரியில் முடித்துவிட்டாளே!

மறுவாரமே அலுவலக வாசலில் பலகை ஏறியது: 'பொதுமக்கள் நலனை முன்னிட்டு இவ்வலுவலகத்தின் பொறுப்பு இன்று முதல் பரவலாக்கப்படுகிறது.' கீழே ஒரு திரை. ஓய்வூதியம் வராதவர்கள் தங்கள் எண்ணைத் தட்டினால் வரவேண்டிய பாக்கியும், அதன்மேல் ஏறும் வட்டியும் தெரியும். எடுக்கும் பொத்தான் கிடையாது.

முதலில் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். பிறகு வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மட்டும் வந்தார்கள். போகப் போக, "உங்களுக்கு எவ்வளவு? எனக்கு உங்களைவிட ஜாஸ்தி" என்று ஒருவருக்கொருவர் பெருமை பேசிக்கொண்டார்கள். புகார் ஒன்றுகூட வரவில்லை என்று மேலிடம் மகிழ்ந்து, கண்காணிப்பாளருக்குக் கேடயம் அறிவித்தது.

விழா மேல்மாடியில் நடந்தது. மனைவியால் ஏற முடியவில்லை; கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரையைப் பார்த்துவிட்டு வந்த ரிட்டையர்டு டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். மேலே கைதட்டல் அதிர்ந்தது.

"எதுக்கும்மா தட்டறாங்க?"

"தெரியலங்க. வீட்டுக்காரர் ஏதோ விழான்னு கூட்டிட்டு வந்தார்."

"சரி, எதுவோ நல்லதுதான் நடக்குது போல" என்று அவரும் தட்டினார்.

அவர் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று அவளும் தட்டினாள்.