டவர் இல்லாத பௌர்ணமி

முப்பத்தாறு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்ந்த என்னை, 'அனுபவஸ்தர்' என்று சொல்லி ஒரு சென்னை கன்சல்டிங் கம்பெனி வேலைக்கு எடுத்தது. திருவண்ணாமலை வேங்கிக்கால் வீட்டிலிருந்தே வேலை. அஞ்சு மணிக்கு முடிந்துவிடும். மனைவி ஜோதியம்மாளிடம் ஒன்பது என்று சொல்லி வைத்திருந்தேன். அஞ்சிலிருந்து ஒன்பது வரை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தூக்கம். குறட்டை வெளியே கேட்டால் 'டிஸ்கஷன்' என்பேன்.

மூன்றாம் மாதம் இடி விழுந்தது. மேனேஜர் சிந்துஜா சொன்னாள்:

"சார், புதுசா சேர்ந்த சீனியர்ஸுக்கு வொர்க்-லைஃப் பேலன்ஸ் எப்படி இருக்குன்னு வீட்லயே கேட்கறோம். புதன்கிழமை பத்து மணிக்கு மேடத்துக்குப் போன் பண்றேன்."

ஜோதி 'ஒன்பது' என்பாள். லேப்டாப் அஞ்சுக்கே அணைவது கம்பெனிக்குத் தெரியும். பொய் உடையும், பொய்யன் என்று வேலை போகும். போனால் இருபத்துநாலு மணி நேரமும் நான் ஜோதியின் ஆள். காலண்டரைப் பார்த்தேன். புதன், பௌர்ணமி. லட்சம் பேர் மலையைச் சுற்றும் நாளில் கிரிவலப் பாதையில் எந்தப் போனுக்கும் டவர் கிடையாது.

"ஜோதி, வேலை நிலைக்கணும்னு கிரிவலம் வேண்டிக்கிட்டேன். நீ போயிட்டு வந்துடு."

"வேண்டுதல் உங்களுது, கால் என்னுதா?"

"எனக்கு மீட்டிங் ஜாஸ்தி."

"சரிங்க."

இத்தனை சுலபமாக அவள் தாலி கட்டவே தலை குனியவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புதன் காலை ஏழு மணிக்குக் கிளம்பினாள். பத்து மணி ஆனதும் எனக்கு வேர்த்தது. பதினொன்றுக்குள் ஒரு குடம் தண்ணீரைக் குடித்திருந்தேன். ஒரு மணிக்கு, சிவந்த பாதங்களோடு வந்தாள்.

"போன் ஏதாவது வந்துச்சா?"

"எங்க வருது, டவரே இல்ல."

போன உயிர் திரும்பியது.

"பௌர்ணமியில டவர் கிடைக்காதுன்னு எனக்குத் தெரியாதா? புதன்கிழமை பேசறேன்னு அந்தப் பொண்ணு மெசேஜ் போட்டிருந்துச்சு. நேத்தே நான் கூப்பிட்டுப் பேசிட்டேன்."

"என்ன... சொன்ன?"

"அஞ்சு மணிக்கு முடிச்சுட்டு, காய் நறுக்கறது, மாவாட்டறது, எல்லாம் அவர்தான்னு சொன்னேன்."

"அஞ்சுன்னு உனக்கு யார் சொன்னது?"

"அஞ்சு மணி ஆனா ஹெட்செட்டு ஒயரு தரையில கிடக்கறதை மூணு மாசமா ஜன்னல் வழியா பார்க்கறேன். காதுல மாட்டினா ஆச்சா? இன்னொரு முனையையும் சொருகணும்."

நான் குனிந்து ஒயரின் முனையைத் தேடினேன்.

"சிந்துஜாவுக்கு ஒரே சந்தோஷம். மத்த சீனியர்ஸும் கத்துக்கணுமாம். இன்னைக்கு ஆறு மணிக்கு எல்லாரும் வீடியோவுல பார்க்கப்போறாங்க, நீங்க மாவாட்டறதை. இனிமே வாராவாரம்."

"இன்னைக்கேவா? அரிசி ஊற வேணாமா?"

"காலையில கிளம்பறப்பவே ஊறப்போட்டுட்டுத்தான் போனேன்."