குழாயை நம்பாத டேஷ்போர்டுக்காரர்

நம்மிடையே ஒரு ரகத்தார் உலவுகிறார்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும், எத்தனை டிகிரி என்று திரையில் பார்த்தபிறகுதான் வியர்ப்பார்கள். மனைவி கோபமாக இருந்தால், போன வாரத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று யோசிப்பார்கள். எதையும் திரையில் ஓடும் நிலவரப் பலகையில், அதாவது டேஷ்போர்டில், பார்த்தே நம்பும் இவர்கள்தாம் டேஷ்போர்டுக்காரர்கள். பெருநகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களில் மட்டும்தான் இருப்பார்கள் என்றா நினைத்தீர்கள்? பரளச்சிக் கிராமத்துப் பக்கமும் ஒருவர் உண்டு. பெயர் மாரிக்கண்ணன்.

சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அவர் தெருக்குழாயில் மூன்று நாளைக்கோ நாலு நாளைக்கோ ஒருமுறை தண்ணீர் வரும். எந்த நாள் என்பது யாருக்கும் தெரியாது. காத்துக்கிடந்தால் பெண்களுக்குப் பருத்தி எடுக்கும் வேலை போச்சு. வேலைக்குப் போனால் தண்ணீர் போச்சு. மாரிக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு டேஷ்போர்டு செய்தார். ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் ராமசுப்பு காலையில் செல்போனில் 'உண்டு', 'இல்லை' என்றும் தொட்டியில் எவ்வளவு என்றும் பதிந்தால் போதும். திரையில் பச்சையோ சிவப்போ எரியும், தொட்டியின் மட்டத்தைக் காட்டும் முள் ஆடும். எந்தப் பச்சை என்று முடிவெடுக்கவே மூன்று நாள்!

பிறகு அதை நிலையான இணையதளமாக ஏற்றுமதி செய்தார். அதாவது, பக்கங்களை ஆயத்தக் கோப்புகளாக மாற்றி இணையத்தில் வைத்துவிடுவது. சர்வர் வேண்டாம், சிக்னல் ஒற்றைக் கோடு இருந்தாலும் பட்டென்று திறக்கும். திறந்தது. தெருவே மகிழ்ந்தது.

"தம்பி, இனி வேலைக்குப் போகவா வேணாமான்னு போனே சொல்லிரும்ல?" என்றாள் எதிர்வீட்டு முத்துத்தாய்.

"சொல்லிரும், சித்தி!"

சொன்னது. ஞாயிறு 'இல்லை'. திங்கள் 'இல்லை'. செவ்வாயும் 'இல்லை'. பெண்கள் குழாயடியில் குடங்களை வரிசையாக விட்டுவிட்டு, நிம்மதியாக ஷேர் ஆட்டோ ஏறினார்கள். பத்து மணிக்கு மனைவி சுமதி கத்தினாள்.

"ஏங்க, குழாயில தண்ணி கொட்டுது!"

மாரிக்கண்ணன் திரையைப் பார்த்தார். "இருக்காது. இல்லைன்னுல்ல போட்டிருக்கு."

"யாரு போட்டா?"

"நாந்தான்."

சொன்ன மாத்திரத்தில் உறைத்தது. ராமசுப்பு காலையிலேயே ஒழுங்காக 'உண்டு' என்று பதிந்திருந்தார். ஆனால் ஏற்றுமதியான பக்கம் ஞாயிற்றுக்கிழமையோடு உறைந்து நின்றது. மறுபடி ஏற்றுமதி செய்தால்தானே மாறும்! வண்ணம் பார்த்த மும்முரத்தில் அதை மறந்தே போனார்.

எழுந்தார், ஓடினார், விழுந்தார், மறுபடி ஓடினார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி மீட்டிங். காதில் ஹெட்செட், இடுப்பில் குடம், முழங்கால்வரை சேறு.

"மாரி, அங்கே என்ன சத்தம்?" என்றார் மேனேஜர்.

"லைவ் டேட்டா சார்!"

சுமதி சிரித்த சிரிப்பில் அவள் கைக்குடத்தில் பாதி சிந்தியது. இருவருமாகத் தெரு முழுவதற்கும் தண்ணீர் பிடித்து, வீடுவீடாக வாசலில் இறக்கிவைத்தபோது மாரிக்கண்ணனுக்கு இடுப்பு நிமிரவில்லை.

சாயங்காலம் வந்திறங்கிய முத்துத்தாய் செல்போனையும் நிறைகுடங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது.

"அதனாலென்ன தம்பி? இனிமே தெனமும் இல்லைன்னே போட்டுரு. நீயே ரொப்பி வச்சிரு."

அன்றே மாரிக்கண்ணன், ராமசுப்பு பதிந்ததும் பக்கம் தானாக மறுபடி ஏற்றுமதியாக வழிசெய்தார். இப்போது திரை பொய் சொல்வதில்லை. ஆனால் பச்சை எரிந்ததும் தெரு திரும்பிப் பார்ப்பது அவர் இடுப்பைத்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் ஜன்னலோரம் சாரலில் நனைந்தபடியே, மழை பெய்கிறதா என்று செல்போனில் தேடியது யாராம்?