ஐந்தாம் வார்த்தைக்கு வந்த தண்ணீர்

மாமல்லபுரம்,
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் சாலமோனுக்கு,

கர்த்தருடைய கிருபையாலும் உன் அக்கா ஜெசிந்தா வேளாவேளைக்கு எடுத்துத் தரும் மாத்திரைகளாலும் நான் சுகம். படாளத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும்.

பெரிய வெள்ளி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம் பண்ணுவது உனக்குத் தெரியும். உங்கள் சபையில் உனக்கு வருஷம் தவறாமல் ஒரு வார்த்தை கிடைத்துவிடுகிறது. நான் கல்பாக்கத்தில் ரிட்டயர் ஆனதிலிருந்து ஒன்பது வருஷமாகக் கோயிலில் பாய் விரித்துக்கொண்டு, ஃபேன் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். இந்த வருஷம்தான் ஆயர் கூப்பிட்டு ஐந்தாம் வார்த்தையைக் கொடுத்தார்: ‘தாகமாயிருக்கிறேன்.’ பன்னிரண்டு பக்கம் எழுதினேன். மூன்று மணிக்குக் கஞ்சி ஊற்றும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாத உபவாசம் என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

உன் அக்கா என்ன செய்தாள் தெரியுமா, எனக்குக் கூட்டம் சேர்க்கிறேன் என்று, நமக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து ஆதியம்மாளையும் கூப்பிட்டுவிட்டாள். அவளும் அன்றைக்கு நம் ஆட்கள் யாரும் மீன் வாங்கமாட்டார்கள் என்பதால் ஓய்வாக வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பிரசங்கம் என்றால் என்ன, அதில் எதற்குப் பதில் சொல்லக்கூடாது என்றெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. நான் மேடை ஏறி, கண்ணாடியைச் சரிபண்ணி, “தாகமாயிருக்கிறேன்” என்றேன். அழுத்தத்துக்காக இரண்டாம் முறை சொன்னேன். இன்னும் அழுத்தத்துக்காக மூன்றாம் முறையும் சொன்னேன். கடைசிப் பாயில் சேலை சரசரத்தது. கஞ்சிப் பந்தலில் இருந்த சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஆதியம்மாள் நடுவழியாக நேரே வருகிறாள்.

“இன்னா சனம்பா நீங்க, பெரியவரு தாகம்னு மூணு தபா சொல்லிகினு கீறாரு, ஒருத்தரும் எயுந்துக்கல. குடி நைனா.”

நான் என்ன செய்வேன் மச்சான், குடித்தேன். முழுச் சொம்பையும் குடித்தேன். உபவாசம் போச்சு. வாயைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆயர் எழுந்து நிற்கிறார். இந்த வார்த்தைக்கு இத்தனை வருஷமாகப் பிரசங்கம் கேட்டுவிட்டோம், தண்ணீர் கொண்டுவந்தது இந்த அம்மாதான், இதற்கு மேல் பேச வேண்டாம், பாட்டுக்குப் போகலாம் என்றார். பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். வெளியே வந்ததும் ஆறாம் வார்த்தை ஜெபசிங் என் கையைப் பிடித்து, இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை என்றான். என் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

ஆகையால் நீ ஆயருக்கு ஒரு வார்த்தை எழுது. என் உழைப்பு வீணானதைச் சொல்லி, அடுத்த வருஷம் வேறு வார்த்தை வாங்கிக் கொடு. ஆறாவது மட்டும் வேண்டாம். ‘முடிந்தது’ என்று நான் சொன்னதும் சனம் கஞ்சிக்கு எழுந்துவிடும்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் உன் வீட்டையும் பிள்ளைகளையும் காப்பாராக. அக்கா உன்னை விசாரித்தாள், சிரித்துக்கொண்டே.

இப்படிக்கு,
உன் மாமா ஏசுபாதம்

பி.கு.: ஆயருக்கு எதுவும் எழுதிவிடாதே. பன்னிரண்டு பக்கமும் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தன. மேடையில் வேதாகமத்தைத் திறந்தால் உள்ளே என் சுகர் ரிப்போர்ட். மூன்று முறை சொன்னது அழுத்தத்துக்காக இல்லை, அடுத்த வரி வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆதியம்மாள் எழுந்திருக்காவிட்டால் நாலாவது முறையும் அதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கு நிஜமாகவே தாகமாக இருந்தது, மச்சான். அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது.