பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது

அன்று நடந்தவை வரிசையாக:

1. மாமாவின் வேனில், எஞ்சின் சூடானால் கத்தும் அலாரம் ஒன்றை நான் பொருத்தினேன்.
2. நிலக்கோட்டையில் அப்பா வெந்நீரில் ஷேவ் செய்துகொண்டார்.
3. அம்மாவின் கால் சுட்டது.
4. எஞ்சின் இறுகி நின்றது.
5. அலாரம் கத்தியது.

வரிசை எண்ணில் பிழை இல்லை. அலாரம் கடைசியில்தான் கத்தியது. இரண்டாவது சம்பவம் இந்தப் பட்டியலில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிப் போகும் வேன் ஒன்று வைத்திருந்தார். கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் தன் வேனுக்குள்ளேயே காபி போட்டுக் குடித்துவிட்டு, அங்கேயே நீட்டிப் படுத்ததை ஒருநாள் பார்த்தார். அன்றோடு பூக்கூடைகள் வேனிலிருந்து இறங்கின. அவை இருந்த இடத்தில் இரண்டு படுக்கைகளும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஏறின. ஜன்னலுக்குச் சுங்குடித் திரை (அது அம்மாவின் சேலை; அம்மாவுக்குத் திரையான பிறகுதான் தெரியும்). ரயிலை விட்டு இறங்குகிறவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிப்போய், வேனிலேயே தங்கவைப்பது அவருடைய திட்டம். மலையேறும்போது எஞ்சின் கொதித்துவிடுமோ என்பது மட்டுமே கவலை.

நான் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்று வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. பெண்ணைத் தனியாக அனுப்புவதைப் பற்றி அப்பா "பார்க்கலாம்" என்றார். (எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பார்க்க ஒன்றும் இருக்காது.) மாமாதான் எனக்காகப் பேசினார்.

"மச்சான், பாப்பா ஒரு அலாரம் செய்யுது. அதை மாட்டிக்கிட்டு எல்லாருமா மலைக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். வண்டி நல்லபடியா திரும்பிருச்சுன்னா பிள்ளையை வேலைக்கு அனுப்பிருங்க."

அப்பா யோசித்து, "சரி, வண்டி திரும்பட்டும்" என்றார். ஆக என் உத்தியோகம் ஒரு டீசல் எஞ்சினின் சூட்டைப் பொறுத்தது என்று முடிவாயிற்று.

அலாரம் செய்வது எளிது. வெப்பத்தை உணரும் சின்ன மணி போன்ற உணரி ஒன்று, ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, ஊரையே எழுப்பும் ஒரு பஸ்ஸர். பச்சை எரிந்தால் நலம். சிவப்பு எரிந்து பஸ்ஸர் கத்தினால் வண்டியை நிறுத்த வேண்டும். எந்தச் சூட்டில் கத்த வேண்டும் என்று அதிலுள்ள சின்னத் திருகைத் திருப்பிவைப்பதுதான் கஷ்டம். கடன் வாங்கி வந்திருந்த தெர்மாமீட்டர் முதல் நாளே என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. அப்போது அடுப்பில் ரசம் இருந்தது. ரசத்தைக் கொதிக்கவிடக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எஞ்சினுக்கும் அதே நியாயம்தானே? உணரியைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து ரசத்துக்குள் விட்டேன். ("ரசத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு, கைய முறிச்சுப்புடுவேன்" என்று அம்மா பக்கத்திலேயே நின்றாள்.) நுரை கட்டியது, பஸ்ஸர் கத்தியது. திருகை அந்த இடத்திலேயே மெழுகு வைத்து அடைத்தேன். பிறகு உணரியை ரேடியேட்டரின் மேல்தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன். வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரைச் சாக்கால் மூடிச் சோதித்தபோது மிக அழகாகக் கத்தியது. எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் ஏற்பட்டது.

விடிந்ததும் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டோம். ஷேவ் செய்ய விடாமல் மாமா அவசரப்படுத்திவிட்டதாக அப்பா சின்னாளப்பட்டி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நிலக்கோட்டையில் வண்டி நின்றது. நானும் அம்மாவும் பூ வாங்கப் போனோம். திரும்பி வந்தபோது அப்பாவின் முகம் மழமழவென்று, லேசான செம்மண் நிறத்தில் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். மனம் கோயமுத்தூரில் ஹாஸ்டல் பார்க்கத் தொடங்கியது.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற்றம் தொடங்கியது. முன்சீட்டில் மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் எஞ்சினை மூடிய பெட்டி. அதை ஒட்டி அம்மாவின் கால். நான் அவளுக்குப் பின்னால் நின்று விளக்கைக் கவனித்துக்கொண்டு வந்தேன்.

"ஏன்டி, காலு சுடுதே."

"சுடாதும்மா. பச்சைதான் எரியுது."

"என் காலு எனக்குத் தெரியாதா?"

மனித உடலின் உணர்ச்சி நம்பத்தக்கதல்ல என்று விளக்கினேன். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைப் பச்சைத்தண்ணீரிலும் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே வெதுநீரில் விட்டு ஏமாறும் பாடப்புத்தகச் சோதனையைச் சொன்னேன். அம்மா காலைத் தூக்கிச் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். செத்த நேரத்தில் ஏதோ கருகுகிற வாடை வருவதாக அப்பா சொன்னார். அது படுக்கைப் பலகையின் புது வார்னிஷ் என்றேன். எஞ்சின் இன்று வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, இரும்பைப் பல்லால் கடித்ததுபோல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

மாமா ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார். ஆவிகூட வரவில்லை. குச்சி விட்டுப் பார்த்தேன். காய்ந்த குச்சி.

"தண்ணி எங்க மாமா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மெதுவாகத் தன் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். தன் வேனில் ஓட்டல் வசதி எல்லாம் உண்டு என்று காட்ட, மாமா ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து அப்பாவுக்கு ஒரு வாளி வெந்நீர் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பிறகு குழாயைச் சரியாக மூடவில்லை. மிச்சத்தை ரோடு குடித்துவிட்டது.

"திரும்ப ஊத்தணும்னுதான் நெனச்சேன் பாப்பா. ஒன் பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. சரி, இருக்கிற தண்ணியே போதும்போலன்னு விட்டுட்டேன்."

என் அலாரம் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது. தண்ணீரே இல்லை. உணரி காலித் தொட்டியில் காற்று வாங்கிக்கொண்டு தொங்கியது. அதன் கணக்கில் எல்லாம் நலம்.

மாமா அவசரமாக ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து கொதிக்கிற எஞ்சினில் ஊற்றினார். உள்ளே ஏதோ படாரென்று விரிசல் விட்டது. தண்ணீர் தளபுளவென்று கொதித்து மேலே வந்தது. அப்போதுதான் சிவப்பு எரிந்தது. பஸ்ஸர் கத்தத் தொடங்கியது. அதை அடக்கலாம் என்றால், மெழுகு வைத்து அடைத்திருந்த என் திருகு நகரவில்லை. பூ இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போனபோது, பட்டிவீரன்பட்டி விலக்குவரை பஸ்ஸர் கத்திக்கொண்டே வந்தது. ரோட்டோரம் இருந்தவர்கள் ஆம்புலன்ஸ் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஒருவழியாக ஒயரைப் பிடுங்கினேன். என் வேலை போனது என்று நினைத்துக்கொண்டேன். மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"மச்சான், பிள்ளையைக் கோயமுத்தூருக்கே அனுப்பி வச்சுருங்க. இங்கனயே இருந்தா அடுத்து என் மோட்டார் சைக்கிள்ல கை வைக்கும்."

அப்பா அம்மாவின் சிவந்த காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அனுப்பிருவோம்" என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

இப்போதும் லீவில் வீட்டுக்கு வந்து நான் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தால், அம்மா அடுப்படியிலிருந்தே கேட்கிறாள்: "என்னடி, பச்சை எரியுதா? உள்ள தண்ணி இருக்கா, பாத்தியா?"

மாமாவின் வேன் எஞ்சின் மாற்றி மறுபடியும் மல்லிகை ஏற்றுகிறது. அலாரம் அதில் இருக்கிறது. உணரியை எஞ்சினின் இரும்பிலேயே திருகிவிட்டேன். திரை மட்டும் திரும்பச் சேலை ஆகவில்லை. நான் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறேன். அப்பா எங்கே போனாலும் வீட்டிலேயே ஷேவ் செய்துகொண்டுதான் கிளம்புகிறார்.