நாற்பதுக்கு நாற்பது

நான் மைல் கட்சிக்கு மாறிவிட்டேன். கொள்கைப் பிடிப்பால் அல்ல, மனைவியை ஜெயிப்பதற்காக. உங்களிடம் சொல்வதற்கென்ன!

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியில் இரண்டு கட்சி. கிலோமீட்டர் கட்சிக்குத் தலைவர் என் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். மைல் கட்சிக்கு சைக்கிள் கடைக்காரர்.

"டயரை இன்ச்சுல வாங்குறீங்க. காத்தை பவுண்டுல அடிக்கிறீங்க. ரோட்டுக்கு மட்டும் எதுக்குய்யா கிலோமீட்டர்?" என்பார் கடைக்காரர்.

"பல்லை நான் மைல்லயா அளக்குறேன்?" என்பார் டாக்டர்.

டீ ஆறிவிடும், சண்டை ஆறாது. அதில் நான் டாக்டரின் வலது கை.

எனக்கு ஒரே குறைதான். 'போக வர முப்பதுக்கு மேல ஓட்டக் கூடாது' என்பது என் மனைவி போட்ட வீட்டுச் சட்டம். அதனால் பாலம் வந்ததும் நான் திரும்பிவிடுவேன். மற்றவர்கள் ஏரி வரை போய், குளித்து, ஈரத் தலையோடு வருவார்கள். பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கடைக்காரர் வாரினார்: "உங்க முப்பது எங்க கணக்குல பத்தொன்பது மைல்கூட வராதே சார்!"

சட்டென்று பொறி தட்டியது. முப்பது மைல் என்றால் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஏரிக்குப் போய்த் திரும்ப அது தாராளம்!

வீட்டுக்குப் பறந்தேன். என் மனைவி தையல்காரி. கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும்.

"ஏம்மா, முப்பதுன்னுதானே சொன்ன? கிலோமீட்டர்னு சொன்னியா?"

"சொல்லல."

"அப்ப முப்பது மைல்!"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்: "இந்த மைல் ஒரு வாரத்துக்கா, எப்பவுமா?"

"எப்பவும்! இனிமே நம்ம வீட்டுல மைல், அடி, இன்ச்தான்."

"அப்புறம் வார்த்தை மாற மாட்டீங்களே?"

மாறுகிற ஆளா நான்? மதில் பக்கம் போய்ப் பல் டாக்டரையே கூப்பிட்டுச் சாட்சி வைத்தேன். "துரோகி!" என்றார் அவர். மனிதருக்குப் பொறாமை.

"சரிங்க. ஏரிக்கே போயிட்டு வாங்க. வந்ததும் எலுமிச்சைச் செடிக்குக் குழி வெட்டணும். நாற்பதுக்கு நாற்பது, ஆழமும் நாற்பது. நர்சரிக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"ஜுஜுபி! அரை மணி நேர வேலை."

அடுத்த ஞாயிறு ஏரியில் மூன்று முறை முங்கினேன். ஈரத் தலையைத் துவட்டாமலே, வேண்டுமென்றே மெதுவாக, எங்கள் தெருவுக்குள் சைக்கிளை விட்டேன். வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி.

கொல்லையில் கடப்பாரையும் மண்வெட்டியும் காத்திருந்தன. பக்கத்தில் தையல் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டிருந்தது. குழி மாதிரி தெரியவில்லை. ஒரு குட்டி அறைக்கு அஸ்திவாரம் மாதிரி இருந்தது.

"என்னம்மா இது? நாற்பது சென்டிமீட்டர்தானே?"

"நாற்பதுன்னுதானே சொன்னாரு? சென்டிமீட்டர்னு சொன்னாரா?"

"அது... சொல்லல."

"அப்ப நாற்பது இன்ச். நம்ம வீட்டுல இன்ச்தானே?" டேப்பில் இன்ச் பக்கத்தைக் காட்டினாள்.

வெட்டினேன். மண் வந்தது. இன்னும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பொழுது சாயும்போது இடுப்பு வரை குழிக்குள் நின்றேன். கைகள் இருக்கின்றன என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மதிலுக்கு மேலே டாக்டரின் தலை முளைத்தது.

"நீளம், அகலம், ஆழம் மூணுலயும் இன்ச் வந்தா மண்ணு பதினாறு மடங்குய்யா! ரோட்டுல லாபம் பார்த்தீரே, இதைக் கணக்குப் போட்டீரா?"

போடவில்லை. மண்வெட்டியை வீசி எறிந்தேன்.

"போதும் தாயே! இனிமே கிலோமீட்டர்தான், சென்டிமீட்டர்தான்!"

"நிச்சயமாவா? வார்த்தை மாற மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன். டாக்டரே சாட்சி!"

டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மனைவி செடியைக் கொண்டுவந்து குழி ஓரம் வைத்தாள். என் உள்ளங்கை நீளம்கூட இல்லை அது.

"அப்ப அடுத்த ஞாயிறு பாலத்தோட திரும்பிடுங்க" என்றாள். பிறகு டேப்பை மறுபக்கம் திருப்பிக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள்.

"அடடா, ரொம்பப் பெரிசா இருக்கேங்க! நாற்பது சென்டிமீட்டர் மட்டும் விட்டுட்டு, மிச்சத்தை மூடிடுங்க."