அடுத்தமாசம் அண்ணாச்சியின் புராசஸர்

ஒரகடத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை வரை உள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கிற அத்தனை பேரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி, பயப்படுவதில் போட்டி வைத்தால் முதல் பரிசு எங்கள் அறை அண்ணாச்சிக்குத்தான். ஆனால் பரிசு வாங்க மேடை ஏறமாட்டார். மேடை இடிந்து விழும் என்பார்.

பிள்ளைகளா, அவருக்கு ரேஷன் கார்டில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. எங்களுக்கு அவர் 'அடுத்தமாசம்' அண்ணாச்சி. பல் வலிக்கிறதா? "அடுத்த மாசம் பாப்போம்வே." செருப்பு அறுந்துவிட்டதா? "அடுத்த மாசம் வாங்குவோம்வே." ஒரு மாசம் முழுக்க ஒற்றைச் செருப்பை ஊக்கு குத்தி இழுத்துக்கொண்டே நடந்தார்.

அவர் தென்காசிப் பக்கம். ஒரகடத்துப் பக்கம் வடக்குப்பட்டில் ஓனரம்மா வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஆறு அறைகளில் ஒன்றில் நானும் அவரும் இருந்தோம். அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைன். எனக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் செக்கிங், அதாவது அடுத்தவர் முடித்ததைப் பார்த்து 'ஓகே' சொல்கிற வேலை.

சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தடவை மோந்து பார்ப்பார். கம்பெனி பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தால் நாம் போய் மோதுவோம், பின்னால் உட்கார்ந்தால் நம்மேல் எவனாவது மோதுவான் என்று நடு சீட்டுக்கு ஓடுவார். நடுவில் இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு வருவார். அதுவும் நடுவில்.

இப்படிப்பட்ட மனுஷர் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். தூசு துடைக்க அதன் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், உடம்பில் இருக்கிற மின்சாரம் பட்டு உள்ளே ஏதாவது செத்துவிடும் என்று பயம். கம்பெனி லைனில் இதற்காகவே கையில் ஒரு பட்டை கட்டி, அதன் வயரைத் தரையோடு இணைத்திருப்பார்கள். அண்ணாச்சி அறையிலும் அதேபோல ஒரு செம்புக் கம்பியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்காருவார்.

வாடகை கேட்க வந்த ஓனரம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு அலறினார்.

"ஐயையோ! இன்னாபா பண்ணிக்கினு கீறே? கம்பிய சுத்திக்கினு சாவறதுக்கு என் வூடுதான் கெட்ச்சுதா?"

"சாகாம இருக்கத்தாம்மா கட்டியிருக்கேன்."

"நீயா?"

"கம்ப்யூட்டரு."

ஓனரம்மா என்னைப் பார்த்தார். "இவனுக்கு மொதல்ல ஒரு கல்யாணத்த கட்டி வெக்கச் சொல்லுபா அவங்க வூட்ல" என்று சொல்லிவிட்டு, வாடகை கேட்க வந்ததையே மறந்து போய்விட்டார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறான். தம்பி கல்யாணத்துக்கு லீவு கேட்க அண்ணாச்சிக்கு சூப்பர்வைசரிடம் பயம். நாளைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று இருந்தார். தாலி கட்டி முடிந்துவிட்டது. "ஒனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தவன்தான். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு இன்டர்நெட் விளையாட்டு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடியது. ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, தம்பியின் பொம்மை வீரன் அண்ணாச்சியின் வீரன் பக்கத்தில் வந்து நின்றான். பேசவில்லை. அண்ணாச்சி தன் வீரனை ஒரு குதி குதிக்க வைத்தார். அவனும் ஒரு குதி குதித்தான். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு இதுதான். சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. மலை உச்சியில் நின்றுகொண்டு இரண்டு தடியன்கள் மாறி மாறிக் குதிப்பார்கள்.

அப்போதுதான் திரையில் அந்த அறிவிப்பு வந்தது. விளையாட்டைப் பெரிதாக மாற்றப் போகிறார்களாம். இரண்டு மாசத்துக்குப் பிறகு பழைய புராசஸரில் அது ஓடாதாம். புராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. சின்ன பிஸ்கட் அளவுதான் இருக்கும், போர்டு என்கிற பலகையில் மாட்டியிருப்பார்கள். அந்த பிஸ்கட் அண்ணாச்சியின் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

"இப்ப வாங்கினா மறுநாளே வெல எறங்கிரும்வே. பொறுத்தா, நம்ம போர்டுக்குப் பொருந்துற சாமான் கடையிலயே இல்லாமப் போயிரும். புது மாடலுக்குப் போனா போர்டையும் மாத்தணும், ராமையும் மாத்தணும். ராம் வெல தெனம் ஏறுது. என்னவே செய்ய?"

"வாங்கிடுங்க அண்ணாச்சி."

"வாங்கி மாட்டும்போது ஒடஞ்சுட்டுன்னா? இருக்கதும் போயிருமே."

கம்பெனி வழக்கப்படி சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். வாங்கு என்றால் பச்சைப் புள்ளி, பொறு என்றால் சிவப்புப் புள்ளி. அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தண்ணீர் கேன் போடுகிறவர் விஷயம் என்னவென்றே கேட்காமல் பச்சை வைத்தார். "பச்சதாண்ணா நமக்கு ராசி" என்றார். மாசக் கடைசியில் எண்ணினால் இரண்டும் சமம்.

அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீரா? அடுத்த மாசம் பாப்போம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "லீவு கேக்காம விட்ட மாதிரி இதையும் விடப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தாம்பரம் வரை பஸ்ஸில் போய் புராசஸரை வாங்கிக்கொண்டு வந்தார். பையை மடியில்கூட வைக்கவில்லையாம், நெஞ்சோடு பிடித்துக்கொண்டே வந்தாராம். பஸ்ஸில் நடு சீட்டு கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

வாங்கியதும் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். பதினோரு நாள் அது அங்கேயே இருந்தது. புது மூளை மாட்டுவதற்கு முன்னால் அதை அடையாளம் கண்டுகொள்ள போர்டுக்குப் புதுப் பாடம் ஒன்று ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். எங்கள் ஊர்க் கரண்டை நம்பி யார் அந்த வேலையில் இறங்குவார்கள்?

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். மாசத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள் இல்லையா? அது திரும்பி வந்த உடனே ஏற்றுவது. "காலையிலருந்து நிறுத்திட்டு இப்பத்தான் கொடுத்திருக்கான். ஒடனே புடுங்க அவனுக்கே வெக்கமா இருக்கும்வே" என்றார். அந்த மாசம் நிறுத்தம் வெள்ளிக்கிழமை வந்தது. அவருக்கு நைட் ஷிப்டு, எனக்கு வார லீவு. மறுவாரம் விளையாட்டு மாறுகிறது. இனி அடுத்த மாசம் என்று சொல்ல மாசம் இல்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. தண்ணீர் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும், போட வேண்டாம் என்று ஓனரம்மாவிடம் கெஞ்சியிருந்தார். ஓனரம்மா மோட்டார் சுவிட்சுக்குக் கீழே துடைப்பத்தோடு உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து தண்ணீர் இல்லாத மற்ற ஐந்து அறைக்காரர்களும் பக்கெட்டோடு நின்றார்கள்.

"எவனாச்சும் கை வெச்சீங்க, அவ்ளோதான்! உள்ள ஆபரேசன் நடந்துகினு கீது!"

திரையில் பத்து சதவீதம், நாற்பது, தொண்ணூறு. அண்ணாச்சி மூச்சே விடவில்லை. முடிந்தது. பிறகு மணிக்கட்டில் கம்பியைச் சுற்றிக்கொண்டு பழைய புராசஸரைக் கழற்றிப் புதியதை வைத்தார். ஷிப்டுக்கு ஆயிரம் தடவை இதே மாதிரி வேலை செய்கிற கைதான். அவர் ஒவ்வொன்றாகச் செய்ய, நான் பார்த்து 'ஓகே' சொன்னேன். பட்டனை அழுத்தினார்.

ஃபேன் சுற்றியது. திரை கருப்பு.

மறுபடி அழுத்தினார். கருப்பு. மணி மூன்றரை.

"கொன்னுட்டேன்வே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்போது ஓனரம்மா எட்டிப் பார்த்தார்.

"அந்த வயரு ஏம்பா அந்தரத்துல தொங்கிக்கினு கீது?"

புராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற வயர். கழற்றியவர் திருப்பிச் சொருகவில்லை. மூன்று வருஷமாக லைனில் அவர் வேலை பொருத்துவது மட்டும். பொருத்திவிட்டு இடது பக்கம் தள்ளுவார், வயரை அடுத்த ஸ்டேஷன்காரர் சொருகுவார். அன்றைக்கும் அவர் கை, பொருத்திவிட்டுப் பெட்டியை இடது பக்கம் தள்ளியது. அங்கே நான்தான் உட்கார்ந்திருந்தேன். நானோ 'ஓகே' சொல்கிறவன். இரண்டு கம்பெனி சேர்ந்து ஒரு வயரை விட்டுவிட்டோம்.

சொருகினார். திரையில் வெளிச்சம் வந்தது. வெளியே பக்கெட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

நாலு மணிக்கு மலை உச்சியில் அண்ணாச்சியின் வீரன் போய் நின்றான். தம்பி வரவில்லை. நாலு பத்து. நாலேகால். அண்ணாச்சி ஒரு குதி குதிக்க வைத்துப் பார்த்தார். யாரும் பதிலுக்குக் குதிக்கவில்லை. இத்தனை நாளும் பயந்தாரே, இப்படி ஒன்று நடக்கும் என்று மட்டும் பயந்ததே இல்லை. தம்பி வராமல் போவான் என்று ஒரு புள்ளிகூட சார்ட்டில் இல்லை.

நாலரைக்குப் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினார். நான் ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியிலேயே வைத்தேன்.

"அண்ணே..."

அண்ணாச்சி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எம்மெஷினு இன்னைக்குத் தொறக்கவே மாட்டேங்கு. நீ நின்னுக்கிட்டே இருப்பியேன்னுதான்... புராசஸரு மாத்தணும்னு கடக்காரன் சொல்லுதான். இப்பவே மாத்தவா, இல்ல அடுத்த மாசம் வரைக்கும் பொறுக்கவா?"

"பொறுக்காதல" என்றார் அண்ணாச்சி. கண்ணிலிருந்து கொட்டியது. "ஒரு நாளும் பொறுக்காத. கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்ல..."

செருப்புச் சத்தத்தில் அந்தப் பேச்சு அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்தேன்.